பூட்டுக்கு வைத்த சந்தனம்

கயல்விழிக்குப் பத்து வயது. ஆயுத பூஜை வந்துவிட்டால் அவள் கை சும்மா இருக்காது.

அவளுடைய அம்மா மாலதி சிதம்பரத்தில் ஒரு சந்துக்குள் தையல் கடை வைத்திருந்தார். பூஜையன்று சந்தனம் வைக்கும் வேலை கயலுடையது. தையல் மெஷினுக்கு ஒரு பொட்டு. கத்தரிக்கோலுக்கு ஒரு பொட்டு. சுவிட்ச் போர்டையும் அவள் விடவில்லை. எதிர்க்கடைக்கு ஓடிப்போய், டீக்கடை லூர்துசாமியின் பாய்லருக்கும் ஒன்று வைத்தாள்.

"வெச்சிட்டுப் போம்மா, அதுவும் நல்லா கொதிக்கட்டும்" என்று அவர் சிரித்தார்.

பூஜை முடிந்து அம்மா கதவைப் பூட்டினார். கயல் கையில் இன்னும் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது. ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று, பூட்டு மட்டும் என்ன பாவம் செய்தது? தொங்கிய பூட்டின் முகத்தில் ஒரு பொட்டு வைத்தாள். மிச்சத்தையும் வீணாக்காமல், அடியில் இருந்த சாவி ஓட்டைக்குள் நன்றாக அழுத்தி வைத்துவிட்டாள்.

அம்மா அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே கடை வாசலில் பொன்னி என்ற சிறுமியும் அவள் அம்மா லோகநாயகியும் காத்திருந்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். பொன்னி அன்று பத்து மணிக்கு முதல் முறையாக மேடையேறி நடனம் ஆடப்போகிறாள். தலையில் பூ, கண்ணில் மை, காலில் சலங்கை எல்லாம் தயார். உடை மட்டும் கடைக்குள் இருந்தது. தைத்து முடித்த துணியைப் பூஜையில் வைத்து மறுநாள் கொடுப்பது மாலதியின் வழக்கம்.

கயலோடும் தம்பியோடும் வந்த மாலதி பூட்டில் சாவியைப் போட்டார். அது பாதிதான் உள்ளே போனது.

"நவுருக்கா, நான் பாக்குறேன்" என்று முன்னால் வந்தான் செம்பியன். அவன் கயலின் தாய்மாமா. உடம்பில் பலம் ஜாஸ்தி, பொறுமைதான் கம்மி. பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருகினான்.

டக்!

"தெறந்துடுச்சாடா?"

"இல்லக்கா... சாவி ஒடஞ்சிடுச்சி."

பாதிச் சாவி அவன் கையில். மீதிப் பாதி பூட்டுக்குள்.

"மாத்து சாவி எங்கக்கா?"

மாலதி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "உள்ள இருக்குடா. சாமி படத்துக்கு முன்னால வெச்சிட்டு வந்துட்டேன்."

செம்பியன் பூட்டு ரிப்பேர் செய்யும் கண்ணாயிரத்துக்கு போன் போட்டான். அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"என் சாமானெல்லாம் பூஜையில இருக்குய்யா. மத்தியானம் பூஜைய கலைச்ச பொறவுதான் கையால தொடுவேன்."

"பத்து மணிக்கு பொண்ணு மேடை ஏறணும்ண்ணே!"

"சாமி காரியம்யா. நான் இன்னா பண்ண?"

போன் கட்டானது. பூட்டை அறுக்க ரம்பம் வாங்கலாம் என்றால், இரும்புக் கடைகளும் அன்று திறக்கவில்லை.

"துருவாத்தான் இருக்கும். எண்ணெ ஊத்திப் பாருங்க" என்றார் லோகநாயகி. செம்பியன் பூட்டைத் தலைகீழாகப் பிடித்து ஊற்றினான். எண்ணெய் அவன் முழங்கை வரை வழிந்ததே தவிர, பூட்டு அசையவில்லை. கோபத்தில் அவன் ஒரு கருங்கல்லைத் தூக்கினான்.

"கல்லப் போடுய்யா கீழ! கதவு பேந்துடும்" என்று லூர்துசாமி ஓடிவந்து தடுத்தார்.

பொன்னி படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கண் மை கன்னத்தில் கோடாக இறங்கியது.

"டிரஸ் இல்லாம டீச்சர் மேடையில ஏத்த மாட்டாங்கம்மா. ஒரு வருசமா கத்துக்கிட்டேன்..."

அது துரு இல்லை என்று கயலுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் இத்தனை பேர் முன்னால் திட்டு விழும். சொல்லாவிட்டால் பழி துருவின் மேல் போய்விடும். துரு வந்து சண்டை போடப்போவதில்லை.

ஆனால் பொன்னி அழுதுகொண்டிருந்தாள். கயலால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அம்மா... துரு இல்லம்மா. சந்தனம். நேத்து நாந்தான் ஓட்டைக்குள்ள வெச்சி அழுத்தினேன்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அடிப்பாவி! பூட்டுக்குமாடி வெச்ச?" என்றார் அம்மா. "வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

கயலுக்கு அழுகை வந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. யோசிக்கவும் முடிந்தது. காய்ந்த சந்தனக் கிண்ணத்தை அம்மா எப்படிக் கழுவுவார்? வெந்நீரில்தானே ஊறப்போடுவார்!

"லூர்து மாமா, ஒரு சொம்பு சுடுதண்ணி குடுங்க!"

அவர் சொம்போடு வந்தார். கயல் அதைத் துணியால் பிடித்துக்கொண்டு, தொங்கும் பூட்டு முங்கும்படி மெல்ல மேலே தூக்கினாள். பூட்டு வெந்நீரில் குளித்தது. தண்ணீர் மஞ்சளாக மாறியது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் வாங்கி வந்தாள். திரும்பவும் குளியல்.

"எண்ணெ தேச்சாச்சி, குளிப்பாட்டியாச்சி. சாம்பிராணி மட்டுந்தான் பாக்கி" என்றார் லூர்துசாமி. அழுதுகொண்டிருந்த பொன்னிகூடச் சிரித்துவிட்டாள்.

கயல் பூட்டின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினாள். டிங்! உடைந்த துண்டு சொம்புக்குள் விழுந்தது.

"துண்டு வந்துடுச்சி! ஆனா முழுச் சாவிக்கு எங்க போறது?" என்றான் செம்பியன்.

கயல் இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தின.

"மாமா, ஓட்டை இத்துனூண்டுதான இருக்கு? ரெண்டையும் ஒண்ணு பின்னால ஒண்ணா நொழச்சா, உள்ள ஒட்டிக்கிட்டுத்தான நிக்கும்? வேற எங்க போயிடும்?"

"குடு, நான் திருவுறேன்."

"நீ வேணாம்!" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கயல் நுனித் துண்டை முதலில் நுழைத்தாள். கைப்பிடித் துண்டால் அதை மெல்ல மேலே தள்ளினாள். இந்த முறை வழியில் எதுவும் தடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூப்போலத் திருப்பினாள்.

க்ளிக்.

பூட்டு வாயைத் திறந்தது.

அப்புறம் எல்லாம் ஒரே ஓட்டம். மாலதி உடையை எடுத்துவர, லோகநாயகி முகத்தைத் துடைத்துவிட, கடைக்குள்ளேயே பொன்னி தயாரானாள். அரக்கு நிறப் பட்டு அவளுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. அளவெடுத்துத் தைத்ததுதானே! செம்பியன் ஆட்டோ பிடித்து அம்மாவையும் மகளையும் ஏற்றி அனுப்பினான்.

மாலதி கயலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நீ சொல்லலன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதேடி?"

"பொன்னி அழுதாளேம்மா."

அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். வீட்டில் பேச வேண்டியது எதுவும் இப்போது இல்லைபோலும்.

"வா, நாமளும் போயி ஆட்டத்தப் பாக்கலாம்."

"கடையம்மா?"

"பூட்டவே வேணாம். உன் மாமா காவல் இருப்பான்."

"நானா?" என்று செம்பியன் கத்தியது அவர்கள் காதில் விழவில்லை.

பத்து மணிக்குப் பொன்னி மேடையேறினாள். அவள் அரைமண்டியில் அமர்ந்ததும் இடுப்பிலிருந்த மடிப்பு விசிறிபோல் அழகாக விரிந்தது. அப்போது அந்த மண்டபத்தில் சலங்கைச் சத்தத்தைவிடக் கயலின் கைத்தட்டல்தான் பெரிதாகக் கேட்டது.