உள்ளங்கை வாசம்

அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது, வாசம்தான் வரவில்லை. அன்பரசன் பாயில் கிடந்தபடி மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தான். தெருவே மணக்கும் நெத்திலிக் கருவாடு. அவனுக்கு மட்டும் வெறும் வெந்நீராய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

சிவகாசி பிரஸ்ஸில் அவனுக்கு ரோலர் கழுவும் வேலை. கலர் மாற்றும்போதெல்லாம் தின்னரில் நனைத்த துணியால் மையைத் துடைக்க வேண்டும். முதலில் அந்த நெடி தலைவலியைக் கொடுத்தது. பிறகு தலைவலியைத் தீர்த்தது. ஒரு காலண்டர் சீசனில், ராப்பகலாய் நின்ற களைப்பில், துணியை மூக்கில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தான். உடம்பு பஞ்சாய் மிதந்தது. இப்போதெல்லாம் மிதப்பதில்லை. இழுக்காவிட்டால் மூழ்கினான், அவ்வளவுதான்.

“மூளை அதுக்குன்னு தடம் போட்டுக்கிருச்சுப்பா,” என்றார் டாக்டர். “சோறு, தூக்கம், பொண்டாட்டி எதுவும் அதுக்கு ருசிக்காது. பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தா மெல்ல மெல்லத் திரும்பும்.”

போன வாரம் துணியைப் பிடுங்க வந்த மனைவி வேல்விழியை வாயிலேயே குத்தியிருந்தான். குத்தியது நினைவில்லை. தன் விரல் முட்டியில் அவள் பல் பதிந்திருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அன்றிலிருந்து அவனுக்குத் தன் வலது கையைக் கண்டால் பயம்.

அதனால்தான் மதியம் கெஞ்சினான். “வெளிய பூட்டிட்டு ஒங்காத்தா வீட்டுக்குப் போயிரு புள்ள.”

“போயி? ஒங்கள எலிப்பொறியில அடைச்ச மாதிரி அடைச்சிட்டா?” வீங்கிய உதட்டோடு சிரித்தாள். “இருக்கன்குடி மாரியாத்தாளுக்குக் கிடா நேந்திருக்கேன். திரும்பவும் மோந்தீகன்னா கிடாய விட்டுட்டு ஒங்களத்தான் வெட்டச் சொல்லுவேன்.”

கதவை உள்பக்கம் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள்.

பொழுது சாயும்போது கரண்ட் போனது. காற்றாடி முனகிக்கொண்டே நின்றது. அது நின்ற பிறகும் ஒரு சத்தம் நிற்கவில்லை. கடக், கடக், கடக் என்று தாள் தாளாய் விழுங்கும் மெஷின். ஞாயிற்றுக்கிழமை, பிரஸ்ஸுக்கு லீவு. காதைப் பொத்தினான். சத்தம் கூடியது. இடது காதிலிருந்து வலது காதுக்கு, மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. வலது கையை முதுகுக்கடியில் வைத்து அதன்மேல் மல்லாந்து படுத்தான். முதுகுக்குக் கீழே விரல்கள் மடங்கின. விரிந்தன. துணியைப் பிசைவதுபோல மறுபடி மடங்கின. அவன் மடக்கவில்லை.

அடுக்களை ஜன்னலில் பக்கத்துவீட்டுச் சின்னத்தாய் குரல் கேட்டது. “ஏ வேலு, காலையில எங்க கேட்டுக்குப் பெயிண்டு அடிச்சியே, கை பச்சையாவே இருக்குமே. இந்தத் துணியில தொடை, போயிரும்.”

“தாங்கக்கா.” துணியில் கையைத் தேய்க்கும் சத்தம். பிறகு பதறிய குரல். “என்னக்கா, தின்னரா? இந்த வீட்டுக்குள்ளயா இதக் கொண்டாருவீக? எடுத்துட்டுப் போங்க மொதல்ல.”

தண்ணீர் கொட்டும் சத்தம். சோப்பு வழுக்கும் சத்தம். மறுபடி தண்ணீர்.

இருட்டில் கொலுசு நெருங்கி வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, உருட்டி, அவன் வாயருகே நீட்டினாள். “ஆ காட்டுங்க.”

மெஷின் நின்றது.

குழம்பு மணக்கவில்லை. சோப்பு மணக்கவில்லை. அதற்கெல்லாம் அடியில், அவள் தோலுக்குள்ளிருந்து, அது வந்தது. இனிப்பாய். குளிர்ச்சியாய்.

“கையை எடு வேலு.”

“ரெண்டு வாய் சாப்பிடுங்க, போதும்.”

“ஓடு.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டு உருண்டது. கொலுசு கதவுக்கு ஓடியது. சாவி முடிச்சு அவிழவில்லை. முதுகுக்கடியிலிருந்து கை வெளியே வந்தது. எழுந்தது. அவனை இழுத்துக்கொண்டு போனது. அவள் மணிக்கட்டு. திருகல். பச்சை விறகு முறிவதுபோல ஒரு சத்தம். அவள் அலறினாள். தலை கதவில் மோதியது. மறுபடி மோதியது. மறுபடி. அலறல் நின்றது. மோதல் நிற்கவில்லை.

கரண்ட் வந்தது.

காற்றாடி சுழன்றது. கதவில் சிவப்பு வழிந்தது. வெளியே சின்னத்தாய் கதவை இடித்துக்கொண்டிருந்தாள். வேல்விழியின் கண்கள் திறந்தே இருந்தன. அவள் உள்ளங்கையை முகத்தில் கவிழ்த்து அவன் இழுத்துக்கொண்டிருந்தான். நெடி குறைந்தது. விரலிடுக்குகளில் தேடினான். அங்கும் தீர்ந்தது. நகக்கண்ணில் மட்டும் பச்சை கொஞ்சம் மிச்சமிருந்தது.

அவன் அந்த நகத்தைப் பல்லால் பிடித்தான்.