முழுச் சொல் மட்டும்

மகள் உறங்கும் மதிய வேளையில் அந்தக் கருவி ஏன் இப்படி எழுதித் தள்ளுகிறது? அலுவலக மேசையில் சாப்பாட்டு டப்பாவை மூடும்போதே அவளுக்கு உறுத்தியது. தொட்டிலருகே கேட்கும் பேச்சையெல்லாம் எழுத்தாக்கிக் கைப்பேசிக்கு அனுப்பும் கருவி. ஆயா வேலைக்குச் சேர்ந்த வாரமே வாங்கி, பொம்மைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். ஆயாமேல் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் பெற்ற மனசு கேட்கவில்லை.

இரண்டு வயதாகியும் மகளுக்குப் பேச்சு வரவில்லை. ஒருவேளை இன்றாவது? கருவி அனுப்பிய கோப்பில் 'அம்மா' என்று தேடினாள். திரையெங்கும் மஞ்சள்: அம்மாவுக்கு, அம்மாகிட்ட, அம்மாடியோ. எல்லாம் ஆயாவின் வாய். 'முழுச் சொல் மட்டும்' என்ற கட்டத்தைத் தட்டினாள். ஒட்டுச் சொற்கள் உதிர்ந்து, தனியாய் நின்ற 'அம்மா' மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் கருவியே குறித்திருந்தது: குழந்தை.

அந்தச் சொல்லை விரலால் தொட்டாள். பிறகுதான் அடுத்த வரியைப் பார்த்தாள்.

'வந்துட்டேன் கண்ணு.'

ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு 'அம்மா'வுக்குக் கீழேயும், அதே பதில்.

பிள்ளையைத் தன் பிள்ளையாக்கப் பார்க்கிறாளா இவள்? குளிரூட்டியின் முனகலும், யாரோ ஆறவிட்ட காப்பியின் கசந்த வாடையும், விசைப்பலகைகளின் ஓயாத தட்டலும் சேர்ந்து நெற்றிப்பொட்டில் இடிக்க, படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி வீட்டுக்கு அழைத்தாள்.

"பாப்பா ரூம்ல என்ன பண்றீங்க?"

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் நின்றது. "நான் பாத்திரம் கழுவுறேங்க," என்றாள் ஆயா.

"அப்ப பாப்பாகிட்ட யாரு பேசுறது?"

"என்னங்க கேக்குறீங்க? தினமும் மத்தியானம் நீங்கதானே வர்றீங்க. இப்பக்கூட என்னை வெளிய போகச் சொல்லிட்டுக் கதவைச் சாத்தினீங்களே." பேச்சு தடுக்கியது. "நீங்க... எங்கேருந்து பேசுறீங்க?"

"கதவைத் திறங்க. பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க."

கைப்பிடி திருகும் சத்தம். மறுபடியும்.

"உள்ள தாழ் போட்டிருக்குங்க."

அவள் படிகளில் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. விட்டாள். கைப்பேசியில் கோப்பு திறந்தே கிடந்தது. புது வரிகள். குழந்தை.

'அம்மா இல்ல.'

'அம்மா இல்ல.'

இரண்டு 'அம்மா'விலும் மஞ்சள்.

"தாலாட்டு கேக்குதுங்க," ஆயா கிசுகிசுத்தாள். "உங்க குரல்தாங்க."

குழந்தைக்குப் பதில் சொல்லும் வரி ஒன்று வந்தது.

'அம்மாதான்.'

அதில் மஞ்சள் இல்லை.