பதில் வராத பத்து நிமிடம்

காலையில் பல் துலக்கக் குழாயைத் திருகினால் கைப்பேசி கேட்கும்: "நாச்சிமுத்து, நீர் எடுக்கச் சம்மதமா?" வலது கட்டைவிரலை வைத்து, இரண்டு கண்ணையும் காட்டினால் தண்ணீர் வரும். அடுப்புக்கு ஓர் ஒப்பம், வாசற்கதவுக்கு ஒன்று, பேருந்துக்கு ஒன்று. நாளொன்றுக்கு இருநூறு தடவை நான் நான்தான் என்று நிரூபிக்கிறேன். கோயம்புத்தூரில் இப்போது யாரும் இதற்கெல்லாம் அலுத்துக்கொள்வதில்லை.

ஒரு காலத்தில் கிரிப்டோ நாணயம் வைக்கும் வாலட்டாக இருந்ததைத்தான் இப்போது சாவிப்பை என்கிறோம். வீடு, பெயர், உடம்பு எல்லாம் அதற்குள் போய்விட்டன. ஒருவர் பெயரில் இன்னொருவர் திருடிப் பிழைத்த கூத்து இருபது வருடம் நடந்தது. அப்புறம் சட்டம் வந்தது: உங்கள் ஒப்பம் இல்லாமல் உங்கள் பெயரில் எவரும் எதுவும் செய்ய முடியாது. பெற்றவர் ஆனாலும் சரி, கட்டியவர் ஆனாலும் சரி. அன்றைக்கு நானும்தான் கைதட்டினேன்.

செயலிகளைச் சாவிப்பையோடு கோக்கும் மென்பொருள் நூலகத்தை, அதாவது செயலி செய்கிற எல்லாரும் எடுத்தாளும் பொது நிரலை, எழுதியது நானும் என் மனைவி பூங்கோதையும். பெயர் 'பாலம்'. செயலியின் கேள்வியை அது சாவிப்பைக்குக் கொண்டுபோகும், பதிலைத் திருப்பிக் கொண்டுவரும். சோதித்துப் பார்க்க ஒரு சினிமா டிக்கெட் செயலி செய்திருந்தேன். பத்து நிமிடம் பதில் வராவிட்டால் 'இருக்கை வேண்டாம்' என்று எழுதி முடித்துவிடும். சோம்பேறித்தனம், அந்த வரியை அப்படியே நூலகத்துக்குள்ளும் வைத்துவிட்டேன்.

"ஏனுங்க, பதில் வரலீன்னா பதில் வரலீன்னு எழுதோணும். வேண்டாம்னு எதுக்கு எழுதறீங்க?" என்றாள் பூங்கோதை.

"சினிமா டிக்கெட்டுதானே புள்ள. வேணுங்கறவன் மாத்திக்குவான்."

ஒருவனும் மாற்றவில்லை. நாட்டிலுள்ள அத்தனை செயலியும் எங்கள் பாலத்தின் மேல்தான் ஏறின.

செவ்வாய்க்கிழமை காலை, இட்லித் தட்டை எடுக்கப் போன பூங்கோதை அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்கட்டு. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, இமை திறக்கவில்லை. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெசிந்தா என்னிடம் ஒரு திரையை நீட்டினார்.

"கட்டை எடுத்துட்டா பொழச்சுக்குவாங்க சார். ஒரு மணிக்குள்ள எடுக்கணும். ஆனா ரெண்டு தடவை கேட்டாச்சு. மூணாவது மறுப்பும் விழுந்துட்டா ஆபரேஷன் செய்யற கருவி பூட்டிக்கும்."

திரையில் இருந்தது: நோயாளி பூங்கோதை. அறுவைச் சிகிச்சைக்குப் பதில்: இருக்கை வேண்டாம்.

"இது என்ன, இருக்கைன்னு?" என்றேன், தெரிந்திருந்தும்.

"எல்லாருக்கும் அப்படித்தான் வரும் சார். மறுத்துட்டாங்கன்னு அர்த்தம். ஏன் அப்படி இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். நான் எழுதியது. இதற்கு முன் எத்தனை பேர் இந்தக் கட்டிலில் வாய் திறக்க முடியாமல் கிடந்து, என் இருக்கையை 'வேண்டாம்' என்றிருப்பார்கள்?

"கையாலேயே செய்யக் கூடாதுங்களா?"

"கத்தி அலமாரியும் அவங்க ஒப்பம் கேக்குது சார்."

அவள் படுக்கை ஓரத்திலேயே உட்கார்ந்து நூலகத்தைத் திறந்தேன். ஒரே வரி. மாற்ற நாலு நிமிடம்கூட ஆகவில்லை. பதில் வராவிட்டால் மறுப்பு அல்ல, மருத்துவர் முடிவெடுக்கலாம் என்று எழுதினேன். ஏற்றிவிட்டால் அந்த நொடியே எல்லாச் செயலிக்கும் போய்விடும். ஏற்றினேன்.

"திருத்தத்துக்கு இரண்டு ஒப்பம் தேவை: நாச்சிமுத்து, பூங்கோதை."

யாரும் தனியாக எதையும் கெடுத்துவிடக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து வைத்த பூட்டு அது. என் ஒப்பத்தைப் போட்டேன். அவள் தலைமாட்டில் இருந்த கைப்பேசி ஒலித்தது. செத்துக் கிடந்த வலது கட்டைவிரலைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். விரலை ஏற்றுக்கொண்டு, கண்ணைக் கேட்டது. இமையைப் பிரித்துப் பிடித்தேன். விழி மேலே சொருகியிருந்தது. 'நேராகப் பார்க்கவும்' என்றது.

"பூங்கோதை, நான் பேசறது கேக்குதா?"

இடது கை என் விரல்களை அழுத்தியது. உறுதியாக, இரண்டு தரம்.

"உனக்கு ஆபரேஷன் செய்யச் சம்மதமா? சம்மதம்னா அழுத்து."

அழுத்தினாள். டாக்டர் குனிந்து பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "நான் பாத்தேன் சார். நல்லாவே பாத்தேன். ஆனா நான் பாத்தது செல்லாதே."

பத்து நிமிடம் முடிந்தது. பூங்கோதை திருத்தத்தை மறுத்துவிட்டதாக எனக்குச் செய்தி வந்தது. இனியும் தள்ளிப்போட நேரமில்லாமல், பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரியின் மூன்றாவது கேள்வி வந்தது. நான் திரையைப் பார்த்துக் கத்தினேன், கெஞ்சினேன், அவள் சொல்லிவிட்டாள், சம்மதம் என்று சொல்லிவிட்டாள் என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பத்து நிமிடமும் போனது. அறுவை அறையின் விளக்கு அணைந்தது.

"நோயாளியோட முடிவை மதிக்கணும்னு வருது சார்," என்று டாக்டர் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இனி கேட்க யாரும் இல்லை. ஆனாலும் அவள் என் விரல்களை விடவில்லை. கொஞ்சம் விட்டு, மறுபடி இரண்டு தரம் அழுத்தினாள். சாயங்காலம் ஐந்தேகால் வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.