மோரா வீட்டின் கல்லிடுக்கு

சனிக்கிழமை காலையில் ஜசிந்தாவின் ஆட்டுக்குட்டி மோரா வீட்டில் மாட்டிக்கொண்டது.

மோரா வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை. ஜசிந்தாவின் அப்பா சக்கரியாஸ் ஆடு மேய்க்கும் சரிவில், தக்கை உரிக்கும் கார்க் மரங்களுக்கு நடுவே, ஆளுயரத்துக்கும் மேலான ஏழு கற்கள் வட்டமாக நின்றன. அவற்றின் தலைமேல் ஓர் அகலமான கல் மூடிபோல் கிடந்தது. மோரா என்ற தேவதைப் பெண் அந்தக் கற்களைத் தலையில் சுமந்துகொண்டு, வழியெல்லாம் நூலும் நூற்றுக்கொண்டே வந்து கட்டிய வீடு அது என்று ஊரில் சொல்வார்கள்.

ஊரார் டாக்டரம்மா என்று கூப்பிடும் தொல்லியல் ஆய்வாளர் எர்மெலிந்தா வேறு மாதிரி சொன்னார். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வாழ்ந்தவர்கள், இறந்துபோன தங்கள் உறவினர்களுக்காகக் கட்டிய கல்லறையாம் அது. அதை அளந்து படம் வரைவதற்காக, இரண்டு மாணவர்களோடு அந்த வாரம் வந்திருந்தார்.

ஜசிந்தாவுக்கு இரண்டு பதில்களும் பிடித்திருந்தன. குட்டியின் தாய் ஆட்டுக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. காற்று அடிக்காது, மழை படாது, குட்டி போட நல்ல இடம். அதற்கு அவ்வளவு போதும்.

அந்த ஆட்டுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் பிடிவாதக்காரி. வியாழக்கிழமை இரவு அது கல்லறைக்குள் போய் ஒரு குட்டி போட்டது. வெள்ளிக்கிழமை முழுவதும் யாரையும் கிட்டே விடவில்லை. உள்ளே எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிய மாணவர் ஒருவரைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. அவர் அன்று உட்காராமலே சாப்பிட்டார். சனிக்கிழமையாவது அளக்கலாம் என்று எர்மெலிந்தா பொறுமையாக இருந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் பிடிவாதக்காரி மேய்வதற்கு வெளியே வந்தது. குட்டி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. விழித்துப் பார்த்தால் அம்மாவைக் காணோம். பின்பக்கம் இரண்டு கற்களுக்கு நடுவே அரைச் சாண் அகலத்துக்கு ஓர் இடுக்கு இருந்தது. அதன் வழியாக வெளிச்சமும் அம்மாவின் குரலும் வந்தன. வாசல் எங்கே என்று இரண்டு நாள் குட்டிக்கு என்ன தெரியும்? அது இடுக்குக்குள் தலையை விட்டது. பிறகு தோளை விட்டது. அத்தோடு நின்றுபோனது.

ஜசிந்தா வந்து பார்த்தபோது, குட்டியின் தலை மட்டும் கல்லறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிடிவாதக்காரி அதன் முகத்தை நக்கிக்கொண்டே கத்தியது. ஜசிந்தா ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தாள்.

சக்கரியாஸ் வெளியிலிருந்து குட்டியின் நெற்றியைப் பிடித்து மெதுவாகப் பின்னால் தள்ளினார். அது பயந்துபோய் இன்னும் முன்னால் திமிறியது. கல்லறையின் நுழைவழி மிகவும் குறுகல், அப்பாவின் தோள் அதில் நுழையாது. ஜசிந்தாதான் தவழ்ந்து உள்ளே போனாள். குட்டியின் வயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது பின்னங்கால்களை உதைத்துக்கொண்டு, வெளியே தெரிந்த அம்மாவை நோக்கியே முண்டியது. இன்னும் பலமாக இழுத்தால் கால் ஒடிந்துவிடும் என்று தோன்றியதும் கையை எடுத்துவிட்டாள்.

அவள் வெளியே வந்தபோது அப்பா டிராக்டரையும் சங்கிலியையும் கொண்டுவந்திருந்தார். ஒரு கல்லை நாலு விரல் நகர்த்தினால் போதும் என்றார். எர்மெலிந்தா அந்தக் கல்லின் முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றார்.

"இந்தக் கல்லுமேலதான் மூடிக்கல் உட்கார்ந்திருக்கு. இதை அசைச்சா அது கீழ விழும். குட்டியும் நசுங்கிடும்."

"அப்ப சும்மா நின்னு வேடிக்கை பார்க்கச் சொல்றீங்களா? காலையிலருந்து பால் குடிக்கல அது. கொஞ்ச நேரத்துல துவண்டுடும்."

செத்தவர்களுக்குக் காட்டுகிற அக்கறையை உயிரோடு இருக்கிறதுக்குக் காட்டக் கூடாதா என்று அப்பா கேட்டார். எர்மெலிந்தாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் இடத்தை விட்டு நகரவில்லை. அப்பாவோடு வந்திருந்த நாய் குரைத்தது. மாணவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். சத்தம் கூடக் கூட, குட்டி தலையை முன்னால் முன்னால் தள்ளியது.

ஜசிந்தா குட்டியைப் பார்த்தாள். பிறகு அது பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே பிடிவாதக்காரி நின்றது.

"அப்பா, அது அம்மாகிட்ட போகத்தான் முண்டுது. அம்மா உள்ள இருந்தா அதுவே பின்னால போயிடும்ல?"

அப்பா சங்கிலியைக் கீழே போட்டார். அது நல்ல யோசனைதான் என்று ஒப்புக்கொண்டு, பிடிவாதக்காரியின் கழுத்தைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். அது தரையில் உட்கார்ந்துகொண்டது. ஒரு மாணவர் பின்னாலிருந்து தள்ளினார். அது படுத்தேவிட்டது. கையை எடுத்ததும் எழுந்து, மறுபடி இடுக்குக்கே ஓடியது. குட்டியின் முகம் இங்கே இருக்கும்போது அது எதற்காக வேறு இடத்துக்குப் போக வேண்டும்?

ஜசிந்தா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றினாள்.

"எல்லாரும் அந்த மரத்துக்குப் பின்னால போய் உட்காருங்க. நாயையும் கூட்டிட்டுப் போங்க. வாசல்கிட்ட இருக்கிற அந்த மூணு கால் சாமானையும் எடுத்துடுங்க, அதைப் பார்த்தா ஆட்டுக்குப் பயம்."

"அது அளவு எடுக்கிற கருவி, கண்ணு," என்றார் எர்மெலிந்தா.

"ஆட்டுக்கு அது தெரியாதே டாக்டரம்மா."

எர்மெலிந்தா கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒன்பது வயதுப் பெண் சொன்னதைக் கேட்டு நான்கு பெரியவர்களும் ஒரு நாயும் மரத்தின் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஜசிந்தா இடுக்கின் பக்கத்தில் மண்டியிட்டு, குட்டிக்கு மூச்சு முட்டாதபடி கம்பளிச் சட்டையைத் திரைபோல விரித்துப் பிடித்தாள். குட்டிக்கு முன்னால் இருட்டாகிவிட்டது. அம்மாவும் தெரியவில்லை. பிடிவாதக்காரிக்கும் குட்டி தெரியவில்லை. அது சட்டையை மோந்தது. ஜசிந்தாவின் முழங்கையைக் கடித்துப் பார்த்தது. ஜசிந்தா அசையவில்லை.

சட்டைக்குப் பின்னாலிருந்து குட்டி மெல்லிய குரலில் கத்தியது. பிடிவாதக்காரி காதை நிமிர்த்தியது. கற்களை ஒரு முறை சுற்றிவந்தது. மறுபடியும் சுற்றியது. வாசலில் நின்று உள்ளே பார்த்தது. ஜசிந்தாவுக்குக் கை வலித்தது. குட்டியின் மூக்கு சட்டையை முட்டிக்கொண்டே இருந்தது. இது பலிக்காவிட்டால் அப்பா மறுபடி சங்கிலியை எடுப்பார். வேறு வழியும் இருக்காது.

பிடிவாதக்காரி வாசலுக்குள் நுழைந்தது. இருட்டிலிருந்து அதன் குரல் கேட்டது. இவ்வளவு நேரம் கத்திய குரல் இல்லை. தாய் ஆடு தன் குட்டியோடு மட்டும் பேசுகிற, தொண்டைக்குள் உறுமுகிற குரல்.

சட்டையை முட்டிக்கொண்டிருந்த மூக்கு நின்றது. கல்லோடு ரோமம் உரசும் சத்தம் கேட்டது. பிறகு கம்பளியில் எந்தப் பாரமும் இல்லை. ஜசிந்தா மெல்லச் சட்டையை விலக்கினாள். இடுக்கு காலியாக இருந்தது. கல்லில் கொஞ்சம் வெள்ளை ரோமம் மட்டும் ஒட்டியிருந்தது. உள்ளே குட்டி வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

அவள் மரத்தைப் பார்த்துக் கையசைத்தாள். யாரும் கைதட்டவில்லை. தட்டினால் ஆடு மிரளும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிடிவாதக்காரி வெளியே வருகிறவரை அளக்க முடியாது. அதனால் அங்கேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா ரொட்டியை அறுத்தார். ஆட்டுப்பால் சீஸின் பெரிய துண்டை எர்மெலிந்தாவுக்கு நீட்டினார். செத்தவர்களை இழுத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று கத்தியைப் பார்த்தபடியே சொன்னார். தன் வீட்டு ஆடாக இருந்தால் தானும் அப்படித்தான் கேட்டிருப்பேன் என்றார் எர்மெலிந்தா.

"நாளைக்கும் அது அந்த இடுக்குல தலையை விடுமே," என்றாள் ஜசிந்தா. "அதுல எதையாவது வைக்கலாமா?"

எர்மெலிந்தா யோசித்தார். கல்லைக் கீறாத பொருளாக இருக்க வேண்டும், கனம் இருக்கக் கூடாது, வேண்டும்போது எடுக்கவும் வர வேண்டும் என்றார்.

அப்பா எழுந்துபோய், கோடையில் உரித்து அடுக்கிவைத்திருந்த கார்க் பட்டைகளில் ஒன்றை எடுத்துவந்தார். ஜசிந்தா அதை இடுக்கில் நிறுத்தினாள். கொஞ்சம் பெரிதாக இருந்தது. அப்பா ஓரத்தைச் சீவிக் கொடுத்தார். இரண்டாம் முறை அது கச்சிதமாகப் பொருந்தியது.

சிறிது நேரத்தில் உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. குட்டி பட்டையை மோந்து பார்த்தது, ஒரு முட்டு முட்டியது, தும்மியது, பிறகு திரும்பி வாசல் வழியாகவே வெளியே வந்தது.