விலாசம் மறைக்கப்பட்டுள்ளது

போன் அலறியபோது, கோர்ட் கம்ப்யூட்டர் அறையில் சர்வர்காரர் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்.

"சாட்சியை முடிச்சுட்டானுங்கய்யா!" இன்ஸ்பெக்டரின் குரல். "ஒளிச்சு வெச்ச வீட்டுக்குள்ளயே புகுந்து வெட்டிட்டானுங்க! உன்கிட்டதான் வந்துக்கிட்டிருக்கேன்."

டிபன் பாக்ஸ் மூடிக்கொண்டது.

அந்த வழக்கில் சாட்சிகள் இரண்டே பேர். மிச்சமிருப்பது...

சர்வர்காரரின் தங்கை!

அவள் ஒளிந்திருக்கும் வீடு அண்ணனுக்குக்கூடத் தெரியாது. விலாசம் கோர்ட் வெப்சைட்டில் அவளுடைய ஃபைலில் மட்டும்தான். அதையும் ஃபில்டர் என்கிற புரோகிராம் மறைத்துவிடும்.

இன்ஸ்பெக்டர் வியர்வையோடு நுழைந்தார்.

"யோவ், உன் ஃபில்டர் என்னய்யா லட்சணம்?"

"மறைக்குதே சார். பாருங்க!"

திரையில் இறந்த சாட்சியின் பக்கம். விலாசம் இருக்கவேண்டிய இடத்தில், 'விலாசம் மறைக்கப்பட்டுள்ளது.'

"அப்புறம் எப்படி...?"

சர்வர்காரர் அதே பக்கத்தின் பிடிஎஃப்பைத் திறந்தார்.

கதவு எண்ணோடு பளிச்சென்று விலாசம்!

"ஒவ்வொரு ஃபைல் வகைக்கும் தனித்தனி ஸ்விட்ச் சார். வெப் பக்கத்துக்கு ஆன். பிடிஎஃப்புக்கு ஆஃப்! எந்தப் புண்ணியவான் வேலை?"

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார்.

"எனக்கு வேண்டியிருந்தது. உனக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட ஆஃப் பண்ணச் சொன்னேன். எங்க ஆளுங்க காவலுக்கு எதைப் பார்த்துப் போவாங்க? பிடிஎஃப்பை வேற எவன் திறக்கப்போறான்னு..."

"வெட்டினவன் திறந்திருக்கான் சார்!"

தங்கையின் ஃபைலைத் திறக்க சர்வர்காரருக்குத் தோன்றவில்லை. மூடத்தான் தோன்றியது. பிடிஎஃப் ஸ்விட்ச்... ஆன்! சர்வர் ரீஸ்டார்ட்!

"இனி ஒரு பயலாலயும் பார்க்க முடியாது!"

"கவலைப்படாதய்யா. உன் தங்கச்சி வீட்டுக்கு ஜீப் அனுப்பச் சொல்லிட்டேன்."

வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஐயா, ஜீப் டிரைவர் பேசறேன். அந்தப் பொண்ணு பிடிஎஃப்ல 'விலாசம் மறைக்கப்பட்டுள்ளது'ன்னு வருதுங்கய்யா. எந்தப் பக்கம் வண்டியை விடறது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஆஃப் பண்ணுய்யா!"

ஆஃப். மறுபடி ரீஸ்டார்ட். திரையில் சின்ன வட்டம் சுற்றியது... சுற்றியது...

சர்வர்காரர் தங்கைக்கு போன் போட்டார். எடுத்துவிட்டாள்!

"அண்ணா! இப்பதான் உயிரே வந்துச்சு. போலீஸ் வந்துட்டாங்க. கதவைத் தட்டறாங்க."

"போலீஸ் இன்னும் கிளம்பவே இல்லடி! திறக்காதே!"

"திறந்துட்டேனே அண்ணா..."

அலறல்.

பிறகு ஒன்றுமில்லை.

வட்டம் நின்றது. பிடிஎஃப் திறந்தது.

"கிடைச்சிருச்சுங்கய்யா!" வாக்கி டாக்கியில் உற்சாகம். "நாங்க நிக்கிற இடத்துக்கு அடுத்த தெருதான்!"

"மெதுவாவே போகச் சொல்லுங்க சார்," என்றார் சர்வர்காரர்.

கொலைகாரன் கையில் இருந்தது முன்பே டவுன்லோட் செய்த பழைய காப்பி. போலீஸிடம் மட்டும்தான்... லேட்டஸ்ட் வெர்ஷன்!