மெழுகில் ஒட்டியவை

மெழுகு பூசிய தட்டில் அவை ஒட்டியிருந்தன. ஒட்டக் கூடாது.

கோழிக்கருவின் இதயத்தைத் தனித்தனிச் செல்லாக உதிர்த்து விட்டால், பசை பூசிய கண்ணாடியில் செல்கள் காலூன்றித் துடிக்கும்; மெழுகில் பிடி கிடைக்காமல் உருண்டு மிதக்கும். இதை நிரூபிக்கத்தான் வள்ளியம்மை தஞ்சாவூர்க் கல்லூரியில் நாலு வருஷமாக முட்டை உடைத்தாள். அப்பா காயாரோகணம், உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து சமையல்காரர் பேரில்கூட நிலம் எழுதி வைத்த மிராசுதார். அவர் மகள் முட்டையில் டாக்டர் ஆவதைப் பற்றித் தெருவில் யார்தான் பேசவில்லை? வெள்ளிக்கிழமை தேர்வாளர் வருகிறார். செல்கள் ஒட்டாத ஒரு தட்டையாவது காட்டாவிட்டால் பட்டம் இல்லை.

மறுபடி நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். வெளியே உச்சி வெயில் கொதிக்க, வெப்பப்பெட்டி முனக, ஃபார்மலின் நெடிக்கு அடியில் தண்ணீர் வற்றிய வாய்க்காலின் சேற்று வாடை மெல்லக் கிளம்ப, மெழுகின் மேல் அவை விரல் விரித்தாற்போல் அப்பிக்கொண்டு ஒரே தாளத்தில் துடித்தன.

"தட்டையெல்லாம் எதுல கழுவின, ஐயாவு?"

ஆய்வக உதவியாளர் ஐயாவு தலை நிமிரவில்லை. "சோப்புத்தூள் வந்து மூணு மாசம் ஆச்சும்மா. வண்டல் போட்டுத் தேச்சேன். எங்க வீட்டுல கரிச்சட்டியே பளிச்சுன்னு ஆயிடும்."

"எந்த வண்டல்?"

"உங்க வயல்லேருந்துதாம்மா. அறுப்புத் தகராறுல எங்க அண்ணன் உத்திராபதி வெட்டுப்பட்டு விழுந்தாரே, அந்த மடைகிட்ட எடுத்தது. நல்லாப் புடிக்கிற மண்ணு."

அந்தக் கொலை வழக்கு சாட்சியில்லாமல் போனது ஊருக்கே தெரியும். சாட்சிகளைப் போகவைத்தது யார் என்பதும். வள்ளியம்மைக்கும் தெரியும்.

தட்டுகளை அமிலத்தில் ஊறவைத்தாள். புதிதாக மெழுகு பூசினாள். ஒட்டின. மெழுகுக்குப் பதில் அகர்க் கூழ் ஊற்றினாள். அதிலும் ஒட்டின. வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் செல்களை வெறுங்கையால் வழித்து எறிந்தாள். கையின் பிசுபிசுப்பு வீட்டுச் சோப்புக்கும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. இரவு புதிதாகச் செல்கள் விட்டுவைத்த பன்னிரண்டு தட்டு. ஒன்றிலும் ஒட்டவில்லை.

சிரித்தேவிட்டாள்.

ஒட்டவில்லையென்றால் மிதக்க வேண்டும். மிதக்கவில்லை. நீர் தெளிந்திருந்தது. எல்லாம் காலி.

மாடிப்படியில் தேர்வாளரின் செருப்புச் சத்தம்.

வலது உள்ளங்கை குறுகுறுத்தது. லென்சுக்குக் கீழே வைத்தாள். ரேகை தெரியவில்லை. செல்கள் நெருக்கமாக அப்பியிருந்தன. துடித்தன.

இடது கையை நெஞ்சில் வைத்தாள்.

உள்ளங்கை துடித்தது. அப்புறம்தான் நெஞ்சு.

உள்ளங்கை. அப்புறம் நெஞ்சு.

உள்ளங்கை நின்றது.

நெஞ்சு காத்திருந்தது.