மேல் படுக்கையின் ஈரம்

அன்று காலையிலும் இரண்டு கண்ணாடிகள் நனைந்திருந்தன. ஒன்றுதான் நனைந்திருக்க வேண்டும்.

வண்டியின் பின்பக்கம், அவள் தலைமாட்டில் இருந்த ஜன்னல் நனைவதில் அதிசயம் எதுவும் இல்லை. ஓர் ஆள் இரவு முழுக்க மூச்சு விட்டால் ஒரு டம்ளர் தண்ணீராவது ஆவியாக வெளியே வரும். வெளியே கடுங்குளிர், உள்ளே மூச்சின் சூடு. ஆவி போய்த் தொடுகிற முதல் குளிர்ந்த இடம் கண்ணாடி. அங்கேயே துளியாகி நின்றுவிடும். ஐஸ் போட்ட டம்ளருக்கு வெளியே வியர்ப்பதும் இப்படித்தான். நடுவில் சமையல் மேடைக்கு மேலே இருந்த ஜன்னல் காய்ந்து கிடந்தது. அதுவும் சரி, அங்கே யாரும் தூங்கவில்லை.

ஆனால் முன்பக்கம், டிரைவர் சீட்டுக்கு மேலே பரண் மாதிரி இருக்கும் மேல் படுக்கையின் சின்ன ஜன்னல், சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அங்கேயும் யாரும் தூங்கவில்லை.

அவள் தராசு சரிபார்ப்பவள். ஆஸ்பத்திரி, ஆய்வுக்கூடம், நகைக்கடை என்று ஊர் ஊராகப் போய், எடைக்கற்களை வைத்து, முள் எங்கே பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது வேலை. வாடகை வீட்டில் மாதத்தில் பாதி நாள் கூடத் தங்க முடியாததால், படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் இந்தப் பழைய மோட்டார் ஹோமை வாங்கிவிட்டாள். கையிருப்பு முழுவதும் அதில் போனது. இனி இதுதான் வீடு.

வரும் சனிக்கிழமை மகள் வாண்டு இங்கே தங்க வருகிறாள். கணவரைப் பிரிந்த பிறகு முதல் முறை.

"அனுப்புறேன், இல்லைன்னு சொல்லலை," என்று வாண்டுவின் அப்பா போனில் சொல்லியிருந்தார். "ஆனா நான் உள்ள வந்து பார்ப்பேன். ஒரு இடத்துல ஈரம், பூஞ்சை இருந்தாலும் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன். போன தடவை இழுப்பு வந்து அவ எப்படித் தவிச்சான்னு உனக்கே தெரியும்."

தெரியும். நெஞ்சுக்கூடு உள்ளே ஒட்டிப் போய், ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல் அந்தப் பிள்ளை இழுத்ததை அவள் மறக்கவில்லை. அதனால் அவள் பயந்தது பேய்க்கு அல்ல, ஈரத்துக்கு.

அண்ணனைக் கூப்பிட்டாள். பழைய வண்டிகளை வாங்கி விற்பவன்; இதை வாங்கும்போது கூட வந்து, கூரையில் ஏறி, சுவரெல்லாம் கட்டைவிரலால் அமுக்கி, அலமாரிக்குள் தலையை விட்டு மோப்பம் பிடித்தவன்.

"கூரை ஒழுகுதா?"

"மழையே இல்லையே அண்ணா."

"சுவர் வழியா ஏறுதான்னு பாரு. ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து, நாலு பக்கமும் டேப் போட்டு சுவர்ல ஒட்டு. காலையில தாளுக்குப் பின்னாடி ஈரம்னா, சுவர்லேர்ந்து வருது, நான் செத்தேன். தாளுக்கு முன்னாடி ஈரம்னா, உள்ள இருக்கிற காத்துலேர்ந்து வருது, நீ செத்த."

"ரெண்டு பக்கமும் யாராவது சாகணுமா?"

"வண்டின்னா அப்படித்தான்டி."

ஒட்டினாள். காலையில் தாளின் பின்பக்கம் நன்றாகக் காய்ந்திருந்தது. முன்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர்.

காற்றிலிருந்துதான். சரி, காற்றில் எங்கிருந்து? கேஸ் எரிந்தாலே தண்ணீர் ஆவி உண்டாகும், பலருக்கு இது தெரியாது. அடுப்பை வெளியே வைத்துச் சமைத்தாள். துண்டை உள்ளே காயப்போடுவதை நிறுத்தினாள். படுக்கை அறைக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே இழுத்து மூடும் கதவு ஒன்று உண்டு. அதைச் சாத்தி, கீழ் இடுக்கில் போர்வையைச் சுருட்டி அடைத்தாள். அவள் மூச்சு இனி அந்தப் பக்கம் போகாது.

விடிந்ததும் கதவைத் திறந்தாள். முன்பக்கத்தில் மிதமான சூடு இருந்தது. ஹீட்டர் எரியும் சூடல்ல. போர்வையை விலக்கி ஒருவர் எழுந்து போனதும் படுக்கையில் மிஞ்சியிருக்குமே, அந்தச் சூடு. கூடவே தூங்கி எழுந்த தலையின் வாடை, லேசாக எண்ணெயும் வியர்வையும் கலந்து. கண்ணாடியிலிருந்து நீர் கோடு கோடாக இறங்கி, மெத்தை ஓரத்தை நனைத்திருந்தது.

அவளுக்குத் தெரிந்த வேலையை அவள் செய்தாள். ஒரே அளவில் இரண்டு துணிகளை வெட்டி, எடை போட்டு, ஒன்றால் தன் ஜன்னலையும் மற்றதால் அந்த ஜன்னலையும் ஒரு சொட்டு விடாமல் துடைத்தாள். ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போகும் தராசில் இரண்டையும் வைத்தாள். தராசுக்குப் பயம் கிடையாது, மரியாதையும் கிடையாது. அது இருப்பதைச் சொல்லும். அவள் ஜன்னலில் இருந்தது ஓர் ஆள் விட்ட மூச்சு. முன் ஜன்னலில் இருந்ததும் ஓர் ஆள் விட்ட மூச்சு. கொஞ்சம் பெரிய ஆள்.

தராசைத் துடைத்து, எடைக்கல் வைத்து, மறுபடி சரிபார்த்தாள். அது பொய் சொல்லவில்லை.

அன்றிரவு வண்டியை, இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் முகாம் மைதானத்தில் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

"சொந்த வீடு இருக்கும்போது எதுக்குடி என் சோபா?" என்றான் அவன்.

"சும்மாதான்."

"மூஞ்சி சும்மா மாதிரி இல்லையே."

காலையில் வண்டியைச் சுற்றி வந்து வெளியிலிருந்தே பார்த்தாள். பின் ஜன்னல் துடைத்து வைத்தது போல் தெளிவாக இருந்தது. நடு ஜன்னல் தெளிவு. முன்னால், மேலே, அந்தச் சின்னக் கண்ணாடி மட்டும் பால் போல வெளுத்திருந்தது.

உள்ளே போனாள். ஏணியில் ஏறினாள். மெத்தை தட்டையாக, போட்டது போட்டபடி, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. மேலே தொட்டால் காய்ந்த துணிதான். ஆனால் மெத்தைக்கு அடியிலும் வியர்க்கும், அண்ணன் சொல்லியிருக்கிறான். படுத்திருப்பவரின் உடல் சூடு கீழே இறங்கிக் குளிர்ந்த பலகையைத் தொடுகிற இடத்தில், உடம்பு எங்கே படுகிறதோ அங்கே மட்டும் ஈரம் சேரும். மெத்தையின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினாள்.

பலகையில் ஈரம் இருந்தது.

தோள். இடுப்பு. மடக்கிய முழங்கால்.

சுவரைப் பார்த்து, ஒருக்களித்துப் படுத்த ஓர் ஆளின் அளவு. ஓரங்கள் கூடக் கலங்காமல்.

மெத்தையை விட்டாள். அது விழுந்ததும், உள்ளே அடைபட்டிருந்த காற்று அவள் முகத்தில் வந்து மோதியது. வெதுவெதுப்பாக.

அண்ணனுக்குப் போன் செய்தாள். "இன்னும் ஈரமா இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

"அந்தப் பரணுக்கு மேல ஒரு கூரை ஜன்னல் இருக்குல்ல? பழைய ஆள் சுத்திச் சிலிக்கான் பசை போட்டு அடைச்சு வச்சிருக்கான். ஒழுகிச்சாம். அதைத் திறந்து விடு. ஈரக் காத்து மேலதான் ஏறும், போக வழி கொடுத்தா அது ஏன் கண்ணாடியில போய் ஒட்டப்போவுது? வழி இல்லாததாலதான் உள்ளேயே சுத்துது."

நியாயமான பேச்சு. பிளேடால் பசையை அறுத்து, திருகாணிகளைக் கழற்றி, கைப்பிடியைச் சுற்றினாள். முனகிக்கொண்டு மூடி எழுந்தது. அதை மறுபடி மூடி, வாளித் தண்ணீரை வெளியே கூரையில் ஊற்றிப் பார்த்தாள். ரப்பர் நன்றாக இருந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிறகு ஏன் அடைத்தார்கள்? விற்றவருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை.

மூன்று விரல் அகலம் திறந்து வைத்தாள். மறுநாள் காலை முன் ஜன்னல் காய்ந்திருந்தது. அதற்கு அடுத்த நாளும். வாடை போய்விட்டது. அவள் மெத்தையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் வாண்டுவின் அப்பா வந்து, அலமாரிகளைத் திறந்து, சுவரைத் தடவி, கண்ணாடிகளை விரலால் துடைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் வச்சிருக்க," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அம்மா, நான் மேல படுத்துக்கட்டுமா?" வாண்டு ஏற்கெனவே ஏணியில் பாதி ஏறியிருந்தாள்.

"வேணாம். என்கூடத்தான்."

"அப்ப யாருக்கு அது?"

"யாருக்கும் இல்லை. இறங்கு."

அவர் கார் போன பிறகு, மைதானத்தின் வாசலைப் பூட்டும் சங்கிலிச் சத்தம் கேட்ட பிறகு, விற்றவர் திரும்ப அழைத்தார். அவள் வெளியே வந்து பேசினாள். உற்சாகமே இல்லாத, களைத்த குரல்.

"கூரை ஜன்னலை ஏன் சார் அடைச்சீங்க?"

"ஒழுகிச்சும்மா."

"ஒழுகலை. நான் தண்ணி ஊத்திப் பார்த்துட்டேன்."



"திறந்துட்டீங்களா? கண்ணாடி எப்படி இருக்கு இப்ப?"

"காஞ்சிருக்கு."

"அப்ப அப்படியே விட்டுடுங்க. மூடாதீங்க. காத்தை நிறுத்துனா அது போயிடும்னுதான் நாங்க அடைச்சோம். போகலை. உள்ள இருக்கிற காத்தை எடுத்துக்கிச்சு. என் சம்சாரம் ராத்திரியில..." அவர் நிறுத்தினார். "குழந்தை யாரும் இல்லையே உங்ககூட?"

அவள் போனை அணைத்தாள். சாலையில் பனிமூட்டம் சுவர் மாதிரி நின்றது. வாசல் பூட்டியிருந்தது. விடிந்ததும் அண்ணன் வீடு. விடியும்வரை கண் மூடாமல் இருந்தால் போதும். பிள்ளையைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்து, தான் வெளிப்பக்கம் படுத்து, அந்தச் சின்ன முதுகில் கை வைத்துக்கொண்டாள். முதுகு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

கண் விழித்தபோது ஜன்னல் சாம்பல் நிறத்தில் வெளுத்திருந்தது. கைக்குக் கீழே வெறும் விரிப்பு.

சத்தம் கேட்டது. முன்பக்கத்திலிருந்து. விசில் மாதிரி, மெல்லியதாக, இழுத்து இழுத்து. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

ஓடினாள். இழுவைக் கதவு திறந்திருந்தது. முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது: கண்ணாடி, கூரை, சுவர், ஏணியின் கம்பி. வெதுவெதுப்பான, பழைய காற்று. ஏணியில் கால் வழுக்கியது. ஏறினாள்.

வாண்டு மெத்தையின் ஓரத்தில், விழுந்துவிடுவது போல் படுத்திருந்தாள். சுவர்ப் பக்கம் பாதி மெத்தையை விட்டுவிட்டு. உதடு நீலம். நெஞ்சுக்குழி உள்ளே போய் ஒட்டியிருந்தது.

"பாப்பா! பாப்பா, அம்மா பாரு!"

"குளிருச்சு..." ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இழுப்பு. "மூடிட்டேன்..."

இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். மீண்டும் அழுத்தினாள். மருந்து உள்ளே போகவில்லை. போக, உள்ளே இழுக்கக் காற்று இல்லை. அவளுக்கே நெஞ்சு அடைத்தது. சுவர்ப் பக்கத்தில், போர்வைக்கு வெளியே, யாரோ நிதானமாக, ஆழமாக, நீளமாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

கைப்பிடி. ஈரத்தில் வழுக்கியது. சட்டையைச் சுற்றிப் பிடித்தாள். திருகினாள். மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை.

திறந்தது.

குளிர் கத்தி மாதிரி இறங்கியது. வாண்டு இருமினாள். ஒரு மூச்சு. அடுத்தது. உதட்டில் சிவப்பு மெல்ல ஊறியது.

"வா, இறங்கு. வா கண்ணு."

பிள்ளையை அணைத்துத் தூக்கினாள். பிள்ளையின் ஒரு கை மட்டும் உடன் வரவில்லை. அது சுவர்ப் பக்கம் நீண்டு, எதன் உள்ளங்கையிலோ கொடுத்தது போல் விரல்கள் மடங்கி இருந்தது. இழுத்தாள். எதிர்ப்பக்கம் இழுத்தது. பலமாக அல்ல. தூக்கத்தில் இருப்பவர் கையை விடாமல் பிடித்திருப்பது போல. வாண்டு அழவில்லை. கண்ணை மூடி, நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

காற்று அலைந்து, மேலே மூடி தானாக ஒரு விரல் தாழ்ந்தது. விசில் மறுபடி தொடங்கியது. அவள் கையை நீட்டித் தாங்கினாள். நின்றது.

அப்படியே நின்றாள். ஒரு கையில் மகள், ஒரு கையில் மூடி. திறந்த இடைவெளி வழியாக வெள்ளை ஆவி வெளியே போவது தெரிந்தது. சின்னதாக, வேகமாக ஒன்று. பிறகு, சுவர்ப் பக்கத்திலிருந்து, பெரிதாக, மெதுவாக ஒன்று.

கூரை ஜன்னல் மூன்று விரல் அகலம் திறந்திருக்க வேண்டும். பனியானாலும், மழையானாலும், பிள்ளைக்குக் குளிர்ந்தாலும் மூடக் கூடாது. அது திறந்திருக்கும்வரை இரண்டு பேருக்கும் காற்று போதும்.